கண்ணுக்குத் தெரியாத மருந்துப் பை! கசிந்தால் இதயத்துக்கு ஆபத்து

சிவப்பு நிறத்தில் ஒரு மருந்து இருக்கிறது. அதன் பெயர் டாக்சோரூபிசின். புற்று நோயைக் கொல்லும் மருந்து அது.

மேல்நாட்டு ஆஸ்பத்திரிகளில் நோயாளிகள் அதற்கு வேறு ஒரு பெயர் வைத்தார்கள். "சிவப்புப் பிசாசு" என்பது அந்தப் பெயர்!

நோயைக் கொல்லும் மருந்துக்கு ஏன் இந்தப் பெயர்?

அந்த மருந்தை ஏற்றினால் தலைமுடி கொட்டிவிடும். வாந்தி வரும். வாய் புண்ணாகும். இவை எல்லாம் நாளடைவில் சரியாகிவிடும். முடி மறுபடியும் முளைத்துவிடும்.

ஆனால், சரியாகாத ஆபத்து ஒன்று உண்டு. அந்த மருந்து இதயத்தைக் கெடுத்துவிடும்.

ஒருவருக்கு ஏற்றிய மருந்தின் மொத்த அளவு ஓர் எல்லையைத் தாண்டினால், இதயத்தின் தசை பலம் இழக்கும். நடந்தால் மூச்சு வாங்கும். கால் வீங்கும். புற்று நோயிலிருந்து தப்பியவர், இதய நோயாளி ஆகிவிடுவார்.

டாக்டருக்குத் தர்மசங்கடம். மருந்தைக் கொடுத்தால் இதயம் கெடும். நிறுத்தினால் நோய் வளரும்.

மருந்து கட்டிக்குப் போக வேண்டும். இதயத்துக்குப் போகக் கூடாது. அதற்கு என்ன வழி?

மருந்தை ஒரு பையில் போட்டு அனுப்புவதுதான் வழி! ஆனால், அந்தப் பை கண்ணுக்குத் தெரியாது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெரியாது.

கண்ணுக்கே தெரியாத பை நல்ல பையா, ஓட்டைப் பையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தக் கதையைப் பார்ப்போம்.

கோட்டை மண்ணில் கிடைத்தது

முதலில், இந்த மருந்து எங்கிருந்து வந்தது?

இத்தாலி நாட்டின் தென் பகுதியில் ஒரு பழைய கோட்டை உண்டு. 13-ம் நூற்றாண்டில் கட்டியது. அதற்குக் காஸ்டெல் டெல் மோன்டே என்று பெயர்.

அந்தக் கோட்டைக்குப் பக்கத்தில் எடுத்த மண்ணில் ஒரு நுண்ணுயிர் இருந்தது. அது சிவப்பான ஒரு பொருளைச் சுரந்தது. மிலான் நகரில் உள்ள மருந்துக் கம்பெனியின் விஞ்ஞானிகள் அதை ஆராய்ந்தார்கள். அந்தச் சிவப்புப் பொருளுக்குப் புற்று நோயைத் தாக்கும் சக்தி இருந்தது.

அதே நுண்ணுயிரைக் கொஞ்சம் மாற்றியபோது, இன்னும் வீரியமான மருந்து கிடைத்தது. அதுதான் டாக்சோரூபிசின். இத்தாலிக்குக் கிழக்கே உள்ள ஏட்ரியாட்டிக் கடலின் பெயரால், அதற்கு ஏட்ரியாமைசின் என்றும் பெயர் வைத்தார்கள். 1974-ம் ஆண்டு அமெரிக்க அரசு அதற்கு அனுமதி கொடுத்தது.

மருந்து பல உயிர்களைக் காப்பாற்றியது. கூடவே இதயத்தையும் தாக்கியது.

கொழுக்கட்டை போன்ற குமிழ்

பையின் கதை இங்கிலாந்து நாட்டில் தொடங்குகிறது.

கேம்பிரிட்ஜ் நகருக்குப் பக்கத்தில் பாப்ரஹாம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் அலெக் பாங்ஹாம் என்ற டாக்டர் வேலை பார்த்தார். ரத்தத்தைப் பற்றி ஆராய்வது அவருடைய வேலை.

1960-களின் தொடக்கத்தில் அங்கே ஒரு புது எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் இருந்தது. அவரும் ராபர்ட் ஹார்ன் என்பவரும் அதில் லெசித்தின் என்ற பொருளை வைத்துப் பார்த்தார்கள். லெசித்தின் என்பது ஒரு வகைக் கொழுப்பு. முட்டையின் மஞ்சள் கருவில் இருக்கிறது. சோயா பீன்சிலும் இருக்கிறது.

தண்ணீர் பட்ட லெசித்தின், தானாகவே சின்னச் சின்னக் குமிழ்களாகச் சுருண்டிருந்தது! ஒவ்வொரு குமிழுக்கும் கொழுப்பாலான தோல். உள்ளே தண்ணீர்.

இது எப்படி நடக்கிறது?

லெசித்தினின் ஒரு முனைக்குத் தண்ணீர் பிடிக்கும். மறு முனைக்குப் பிடிக்காது. தண்ணீரில் போட்டதும், பிடிக்காத முனைகள் எல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்ந்து ஒளிந்துகொள்ளும். பிடித்த முனைகள் தண்ணீரைப் பார்த்து நிற்கும். அப்படி நிற்கும்போது இரட்டைச் சுவர் உண்டாகிறது. சுவர் வளைந்து குமிழ் ஆகிறது.

இந்தக் குமிழுக்கு லைப்போசோம் என்று பெயர். கிரேக்க மொழியில் லிப்போஸ் என்றால் கொழுப்பு. சோமா என்றால் உடல்.

நம் வீட்டுக் கொழுக்கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே மாவு. உள்ளே பூரணம். பூரணம் இருக்கிற இடத்தில் மருந்தை வைத்தால் என்ன? கொழுப்புத் தோல் மருந்தைப் பத்திரமாகச் சுமந்து போகாதா?

லண்டனில் கிரெகரி கிரெகோரியாடிஸ், பிரெண்டா ரைமன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இந்த யோசனையை 1971-ல் வெளியிட்டார்கள்.

எவ்வளவு சிறியது?

மருந்து சுமக்கும் குமிழ்களை நானோமீட்டர் என்ற அளவால் அளக்கிறார்கள்.

1 மில்லி மீட்டரை 10 லட்சம் துண்டாக வெட்டினால், அதில் ஒரு துண்டுதான் 1 நானோமீட்டர். நல்ல மருந்துக் குமிழ் சுமார் 100 நானோமீட்டர் இருக்கும். தலைமுடி ஒன்றின் குறுக்கே நூற்றுக்கணக்கான குமிழ்களை வரிசையாக அடுக்கலாம்!

ஏன் இத்தனை சிறிதாக வேண்டும்?

குமிழ் பெரிதாக இருந்தால் கல்லீரலும் மண்ணீரலும் அதைப் பிடித்துக்கொள்ளும். மிகமிகச் சிறிய துகளாக இருந்தால் சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியே தள்ளிவிடும். இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. புற்று நோய்க் கட்டி அவசர அவசரமாக வளருகிறது. அதற்குள் ஓடும் ரத்தக் குழாய்களும் அவசரத்தில் முளைத்தவை. அவசரத்தில் கட்டிய சுவர் போல, அவற்றில் சந்துகள் இருக்கும். குமிழ் அந்தச் சந்துகள் வழியே கட்டிக்குள் நுழையலாம். ஜப்பான் விஞ்ஞானிகளான மட்சுமுராவும் மயேடாவும் 1986-ல் இதை விளக்கினார்கள்.

இதயத்தின் ரத்தக் குழாய்களில் அப்படிப்பட்ட சந்துகள் இல்லை. ஆகவே, குமிழ் அங்கே எளிதில் நுழையாது. இதயம் தப்பிக்கும்!

முதல் தோல்வி

யோசனை நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால் முதல் முயற்சி பலிக்கவில்லை.

இஸ்ரேல் நாட்டில் எசக்கியல் பாரன்ஹோல்ஸ் என்ற விஞ்ஞானியும், ஆல்பர்ட்டோ கபிசோன் என்ற டாக்டரும் சேர்ந்து குமிழுக்குள் டாக்சோரூபிசினை வைத்தார்கள். 1980-களில் ஜெருசலம் நகரின் ஹடாசா ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு அதைக் கொடுத்தார்கள். பிறகு ரத்தத்தை எடுத்துச் சோதித்தார்கள்.

இரண்டு குறைகள் தெரிந்தன. குமிழ்களைக் கல்லீரல் பிடித்துக்கொண்டது. குமிழிலிருந்து மருந்தும் கசிந்தது.

கசிந்த மருந்து பழைய மருந்துதான். அது இதயத்துக்கும் போகும். ஓட்டைப் பையில் கட்டி அனுப்பினால் என்ன லாபம்?

அவர்கள் மனம் தளரவில்லை. எங்கே பிழை என்பதைச் சோதனை காட்டிவிட்டது. அந்தப் பிழையைத் திருத்த முனைந்தார்கள்.

உர மூட்டை உப்பு

கசிவை நிறுத்த அவர்கள் எடுத்த பொருள் என்ன தெரியுமா? அம்மோனியம் சல்பேட்! வயலுக்கு உரமாகப் போடுகிறோமே, அதே உப்பு!

முதலில் குமிழுக்குள் இந்த உப்புக் கரைசலை நிரப்பினார்கள். வெளியே இருந்த உப்பை நீக்கிவிட்டார்கள். பிறகு மருந்தைச் சேர்த்தார்கள். உள்ளே இருந்து அம்மோனியா வெளியேறியது. அதற்குப் பதிலாக மருந்து உள்ளே புகுந்தது. புகுந்த மருந்து உள்ளே இருந்த சல்பேட்டுடன் சேர்ந்து படிகமாக உறைந்துவிட்டது. படிகமானபின் எளிதில் வெளியே வர முடியாது. எலிப்பொறிக்குள் போன எலி மாதிரி!

ஒரே குமிழில் 10 ஆயிரம் மருந்து மூலக்கூறுகளுக்கு மேல் அடைத்துவிடலாம்.

கல்லீரலை ஏமாற்ற இன்னொரு வேலை செய்தார்கள். குமிழின்மேல் பாலி எத்திலீன் கிளைக்கால் என்ற பொருளை நட்டார்கள். அது மெல்லிய நூல்போல நீட்டிக்கொண்டு, தண்ணீரைத் தன்னுடன் பிடித்து வைத்துக்கொள்ளும். குமிழுக்குத் தண்ணீரால் ஒரு போர்வை! காவல் அணுக்கள் அதைச் சீக்கிரத்தில் அடையாளம் கண்டுகொள்வதில்லை.

பை தயார். அது சொன்னபடி இருக்கிறதா? இனிமேல்தான் சோதனை.

ஆட்டம் காட்டும் அளவு

முதல் சோதனை, அளவு.

கூரை ஓட்டை வழியாக வெயில் விழும்போது பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குத் தெரியாத தூசி, வெளிச்சம் பட்டதும் மின்னுகிறது. அதேபோல, குமிழ்கள் மிதக்கும் தண்ணீருக்குள் லேசர் ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். குமிழ்கள் ஒளியைச் சிதற அடிக்கின்றன. சிதறும் ஒளி கணத்துக்குக் கணம் மினுக்குகிறது.

ஏன் மினுக்குகிறது? தண்ணீரில் உள்ள துகள் சும்மா இருப்பதில்லை. தண்ணீர் மூலக்கூறுகள் அதை நாலா பக்கமும் இடித்துக்கொண்டே இருக்கும். அதனால் துகள் ஆடும். மகரந்தத்திலிருந்து வந்த நுண்துகள்கள் இப்படி ஆடுவதை, 1827-ல் ராபர்ட் பிரவுன் பார்த்தார். அதன் கணக்கை 1905-ல் ஐன்ஸ்டீன் போட்டார்.

சிறிய துகள் வேகமாக ஆடும். பெரிய துகள் மெதுவாக ஆடும். ஆட்டத்தின் வேகத்தைக் கணித்தால் அளவு தெரிந்துவிடும்!

சராசரி அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது. ஒருவர் 4 அடி உயரம். இன்னொருவர் 6 அடி உயரம். சராசரி 5 அடி. ஆனால் 5 அடி உயர ஆள் அங்கே யாருமே இல்லை! குமிழ்களும் அப்படி இருந்துவிடக் கூடாது. எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கின்றனவா என்றும் பார்க்கிறார்கள்.

உறைய வைத்துப் படம்

இரண்டாவது சோதனை, உருவம்.

எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்குள் காற்று இருக்காது. ஈரமான குமிழை அப்படியே வைத்தால் காய்ந்து உருக்குலைந்துவிடும்.

ஆகவே, குமிழ் மிதக்கும் தண்ணீரை மிகக் குளிர்ந்த திரவத்தில் சட்டென்று முக்குகிறார்கள். பனிக்கட்டிப் படிகம் உண்டாவதற்குக்கூட நேரம் கிடைக்காது. தண்ணீர் கண்ணாடிபோல உறைந்துவிடும். குமிழ் மிதந்த நிலையிலேயே அகப்பட்டுக்கொள்ளும். இப்படி உறைய வைத்துப் படம் எடுக்கும் முறையை வளர்த்த 3 விஞ்ஞானிகளுக்கு, 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது.

டாக்சோரூபிசின் குமிழைப் படம் எடுத்தால் எப்படி இருக்கும்? காப்பிக் கொட்டை மாதிரி இருக்கும்! நடுவே ஒரு கோடு தெரியும். அதுதான் உள்ளே உறைந்த மருந்துப் படிகம். கோடு தெரிந்தால் மருந்து சிறைப்பட்டிருக்கிறது என்று பொருள்.

கசிகிறதா?

மூன்றாவது சோதனைதான் முக்கியமானது. பை கசிகிறதா?

இதற்கு மருந்தே உதவி செய்கிறது. டாக்சோரூபிசின்மீது தக்க ஒளி பட்டால் அது தானாகவே ஒளிரும். ஆனால் நெருக்கமாக அடைத்து வைத்தால் ஒளி மங்கிவிடும். குமிழிலிருந்து வெளியே வந்தால் மறுபடியும் நன்றாக ஒளிரும். ஒளி கூடுகிறதா என்று பார்த்தால் கசிவு தெரிந்துவிடும். திருடனே விளக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவது மாதிரி!

உடம்புச் சூட்டில் வைத்துப் பார்க்கிறார்கள். பல மாதங்கள் வைத்தும் பார்க்கிறார்கள். இந்த மருந்தைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும். ஆனால் உறையவிடக் கூடாது.

குமிழின்மேல் உள்ள மின்சாரத்தையும் அளக்கிறார்கள். மின்சாரத் தகடுகளுக்கு நடுவே விட்டால், குமிழ் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்கிறார்கள். குமிழ்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளுமா, ரத்தத்தில் போனால் என்னென்ன அதன்மேல் ஒட்டும் என்பதற்கு அது ஓர் அடையாளம்.

நண்டின் நீல ரத்தம்

அடுத்து, சுத்தம்.

ஊசி மருந்தில் கிருமி இருக்கக் கூடாது. ஆனால், காய்ச்சிக் கிருமியைக் கொல்ல முடியாது. சூட்டில் குமிழ் கெட்டுவிடும். ஆகவே வடிகட்டுகிறார்கள். வடிகட்டியின் ஓட்டை சுமார் 220 நானோமீட்டர். குமிழ் நுழைந்துவிடும். பாக்டீரியாக் கிருமி தங்கிவிடும்.

கிருமி போனாலும், செத்த கிருமியின் தோலிலிருந்து உதிர்ந்த நஞ்சு தங்கியிருக்கலாம். அது ரத்தத்தில் கலந்தால் கடும் காய்ச்சல் வரும். உயிருக்கே ஆபத்தாகலாம்.

அந்த நஞ்சைக் கண்டுபிடிக்க உதவுவது குதிரை லாட நண்டு! அதன் ரத்தம் நீல நிறம். அந்த ரத்தத்திலிருந்து எடுத்த பொருள், துளி நஞ்சு பட்டாலும் கட்டிதட்டிவிடும். இப்போது அதே வேலையைச் செய்யும் செயற்கைப் பொருளும் வந்திருக்கிறது.

பிறகு ரத்தத்தில் கலந்து பார்க்கிறார்கள். சிவப்பு அணு உடைகிறதா? ரத்தம் உறைகிறதா? எல்லாம் தேறினால் பிராணிகளுக்குக் கொடுக்கிறார்கள். கடைசியில்தான் மனிதர்கள்.

இதற்காகவே அமெரிக்காவின் தேசியப் புற்று நோய் நிறுவனம் 2004-ல் தனியாக ஒரு சோதனைச் சாலையைத் தொடங்கியது. அது தானாக மருந்து செய்து விற்பதற்கு அல்ல. மற்றவர்கள் செய்த நானோ மருந்துகளைச் சோதித்துச் சொல்வதற்கு!

மனிதர்களிடம் வெற்றி

திருத்திய குமிழ் மனிதர்களிடம் என்ன செய்தது?

சாதாரண டாக்சோரூபிசினை ஏற்றினால் அதில் பெரும் பகுதி சில நிமிஷங்களில் ரத்தத்தை விட்டு மற்ற இடங்களுக்குப் போய்விடும். குமிழ் மருந்து நாள் கணக்கில் ரத்தத்தில் சுற்றியது. நோயாளிகளின் உடம்பில் புற்று நோயால் தேங்கிய நீரை எடுத்துச் சோதித்தார்கள். அதில் பல மடங்கு அதிகமாக மருந்து இருந்தது. 1994-ல் இது வெளியாயிற்று.

1995-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. டாக்சில் என்ற பெயரில் அது கடைக்கு வந்தது.

பிறகு, மார்பகப் புற்று நோய் முற்றிய 509 பெண்களிடம் ஒரு சோதனை நடந்தது. பாதிப் பேருக்குப் பழைய மருந்து. பாதிப் பேருக்குக் குமிழ் மருந்து. முடிவு 2004-ல் வெளியாயிற்று. நோயை அடக்குவதில் இரண்டும் ஏறக்குறைய சமம். இதயம் கெடுவது குமிழ் மருந்தில் வெகுவாகக் குறைந்திருந்தது!

குமிழ் மருந்திலும் தொல்லை இல்லாமல் இல்லை. உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரியலாம். கட்டியின் சந்துகளும் எல்லா நோயாளிக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. எலியிடம் ஜெயித்த பல குமிழ்கள் மனிதரிடம் தோற்றிருக்கின்றன.

மருந்து கிடைக்கவில்லை!

2011-ல் ஒரு சோதனைக் காலம் வந்தது.

அமெரிக்காவில் விற்ற டாக்சில், ஒரே தொழிற்சாலையில்தான் தயாரானது. அது ஒஹாயோ மாநிலத்தில் இருந்தது. அங்கே கோளாறு ஏற்பட்டு உற்பத்தி நின்றது. நாடு முழுவதும் மருந்துப் பஞ்சம்! சிகிச்சையின் நடுவில் இருந்தவர்கள் தவித்தார்கள்.

2012 பிப்ரவரியில் அமெரிக்க அரசு ஒரு முடிவு செய்தது. இந்தியாவின் சன் பார்மா கம்பெனி செய்த குமிழ் மருந்தை இறக்குமதி செய்ய அனுமதித்தது. அந்த மருந்தின் பெயர் லிப்போடாக்ஸ். இந்திய மருந்து அமெரிக்க நோயாளிகளுக்குக் கைகொடுத்தது.

இறக்குமதி, பஞ்சத்துக்காகச் செய்த தற்காலிக ஏற்பாடு. நிரந்தர அனுமதிக்கு அந்தச் சலுகை கிடையாது.

மாத்திரையாக இருந்தால் அதே மருந்து, அதே அளவில் ரத்தத்தில் சேருகிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் போதும். குமிழ் மருந்தில் அது போதாது. மருந்து ஒன்றாகவே இருந்தாலும், பை வேறாக இருந்தால் பலன் வேறாகிவிடும்!

ஆகவே, அமெரிக்க அரசு பையையும் சோதிக்கச் சொல்கிறது. அதே கொழுப்பா? அதே அளவா? அதே மின்சாரமா? உள்ளே படிகம் இருக்கிறதா? கசிவு அதே வேகமா? நோயாளியின் ரத்தத்தில் பைக்குள் இருக்கும் மருந்து எவ்வளவு? வெளியே வந்த மருந்து எவ்வளவு? இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

2013 பிப்ரவரியில் சன் பார்மாவின் மருந்துக்கு நிரந்தர அனுமதி கிடைத்தது. டாக்சிலுக்கு ஈடாக அமெரிக்கா ஏற்றுக்கொண்ட முதல் மாற்று மருந்து அதுதான்.

பழைய மருந்து, புதிய பை

கொரோனா நோய் வந்தபோது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கோடிக்கணக்கான மக்கள் ஒரு புது வகைத் தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள். அதிலும் மருந்தைச் சுமந்து போனவை கொழுப்பாலான நானோ துகள்கள்தான். அவற்றையும் அளந்து, படம் எடுத்து, சுத்தம் பார்த்துத்தான் அனுப்பினார்கள்.

டாக்சோரூபிசின் மாறவில்லை. கோட்டை மண்ணில் பிறந்த அதே சிவப்பு மருந்துதான் இன்றும் இருக்கிறது. அதைச் சுமக்கும் பைதான் மாறியது.

அந்தப் பையை நோயாளி பார்க்க முடியாது. ஊசி போடும் நர்சும் பார்க்க முடியாது. மருந்தை எழுதிக் கொடுக்கும் டாக்டரும் பார்க்க முடியாது. எங்கோ ஒரு சோதனைச் சாலையில் ஒருவர் அதை அளந்து, கசிவு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்.

அவரை நம்பித்தான் நோயாளி கையை நீட்டுகிறார்!